முதலில் மீன்பிடிக் கப்பல், பிறகுதான் போர்க்கப்பல்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு என்றால் எல்லோருக்கும் பெரிய கப்பல்கள்தான் ஞாபகம் வரும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது, மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தாண்டது, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள். தம்பலகாமத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கதைகள் வீட்டுக்குப் பக்கத்துக் கதைகள். சீனக்குடா நமக்கு எட்டும் தூரத்தில்தானே இருக்கிறது.

ஆனால் இதே யுத்தத்தில் இன்னொரு வகைக் கப்பலும் வேலை செய்தது. அது பெரியதும் இல்லை, வேகமானதும் இல்லை. மீன் பிடிப்பதற்கென்று கட்டிய நீராவிக் கப்பல். நமது ஆட்கள் "றோலர்" என்று சொல்லும் இழுவைக் கப்பலின் மூதாதை. இலங்கைக் கடற்படையின் ஆரம்பக் கதையைத் தேடிப் போனால் அங்கே நிற்பதும் இப்படி ஒரு கப்பல்தான். அதன் பெயர் ஓவர்டேல் வைக். இலங்கை அரசாங்கம் கடற்படைத் தேவைக்காக விலைக்கு வாங்கிய முதல் கப்பல் இது.

ஒரு நாட்டின் கடற்படை ஏன் ஒரு மீன்பிடிக் கப்பலில் இருந்து ஆரம்பித்தது? கப்பல் தட்டுப்பாடு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

*இழுவைக் கப்பல் என்றால் என்ன?*

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு விளங்கப்படுத்துவது லேசு. கரைவலையில் இரண்டு பக்கமும் கயிறு, நடுவில் மீன் போய் அடைபடும் மடி. கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். அந்த மடியைக் கடலின் அடித்தரையில் இறக்கி, கரைக்குப் பதிலாக ஒரு கப்பல் இழுத்துக்கொண்டு போனால் அதுதான் இழுவைமடி.

பாய்மரக் காலத்தில் காற்று இருந்தால்தான் இழுக்கலாம். 1881இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் 'ஸோடியாக்' என்ற கப்பலைக் கட்டினார்கள். நீராவியில் ஓடி இழுவைமடி இழுப்பதற்கென்றே கட்டி, தொழிலில் வெற்றி கண்ட ஆரம்பக் கப்பல்களில் அது முக்கியமானது. அதற்குப் பிறகு காற்றைப் பார்த்துக் காத்திருக்கத் தேவை இல்லாமல் போனது. நிலக்கரி இருந்தால் இரவு பகல் இழுக்கலாம்.

1890களில் இன்னொரு மாற்றம் வந்தது. மடியின் வாயை விரித்து வைப்பதற்கு அதுவரை ஒரு நீண்ட மரச் சட்டம் கட்டினார்கள். அதை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் இரண்டு கனமான பலகைகளைக் கட்டினார்கள். கப்பல் இழுக்கும்போது தண்ணீர் இந்தப் பலகைகளில் சரிவாக மோதும். மோதுகிற வேகத்தில் ஒரு பலகை இடப்பக்கம் விலகும், மற்றது வலப்பக்கம் விலகும். வாய் தானாக விரியும். பட்டம் விடுகிற பிள்ளைகளுக்கு இது தெரியும். நூல் கட்டுகிற சரிவு சரியாக இருந்தால் காற்றே பட்டத்தைத் தள்ளி நிறுத்தும். இது தண்ணீருக்குள் விடுகிற பட்டம்.

இந்தப் பலகையை மனதில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

*அந்தக் கப்பலில் வேலை*

ஹல், கிரிம்ஸ்பி போன்ற ஊர்களில் இருந்து புறப்படும் பெரிய இழுவைக் கப்பல்கள் ஐஸ்லாந்து வரையும் அதற்கு வடக்கேயும் போகும். ஒரு பயணம் மூன்று கிழமை அளவில் போகும். புறப்படும்போது கப்பல் வயிற்றில் ஒரு பக்கம் நிலக்கரி, மறுபக்கம் ஐஸ்.

கப்பலின் இதயம் இரண்டு. ஒன்று கீழே உள்ள நீராவி இயந்திரம். மற்றது மேல்தளத்தில் உள்ள வின்ச். நூற்றுக்கணக்கான பாகம் உருக்குக் கம்பியைச் சுற்றி வைத்திருந்து, இறக்கவும் ஏற்றவும் செய்வது அதுதான். இரண்டு மூன்று மணித்தியாலம் இழுத்த பிறகு மடியை ஏற்றுவார்கள். மீனைத் தளத்தில் கொட்டிவிட்டு உடனே திரும்ப இறக்குவார்கள். அடுத்த மடி வருவதற்குள் இந்த மீன் முழுவதையும் கீறி, குடல் எடுத்து, கழுவி, ஐஸில் அடுக்கி முடிக்க வேண்டும். மீன் நன்றாகப் பட்டால் தூக்கம் இல்லை. குளிர்காலத்தில் தெறிக்கிற கடல் தண்ணீர் பாய்மரக் கம்பிகளிலும் தளத்திலும் உறைந்து கட்டியாகும். அந்தப் பனிக்கட்டியின் பாரம் ஏறி ஏறியே கவிழ்ந்த கப்பல்கள் உண்டு. அதனால் வலை வேலையோடு கோடரி எடுத்துப் பனி உடைப்பதும் ஒரு வேலை.

கீழே இயந்திர அறையில் கரி அள்ளிப் போடுபவர்களின் நிலை வேறு. மேலே ஆட்கள் விறைத்து நிற்க, கீழே நெருப்புக்கு முன்னால் நின்று வேர்வை சிந்த வேண்டும்.

சம்பளத்தோடு பங்கும் உண்டு. மீன் ஈரலை வேறாக எடுத்து எண்ணெய்க்கு விற்று, அந்தக் காசைக் கப்பல் ஆட்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். சம்மாட்டிக்கு ஒரு பங்கு, தண்டலுக்கு ஒரு பங்கு என்று நம்மவர்கள் பிரிக்கிற மாதிரியான கணக்குத்தான்.

*நம் கடலுக்கு வந்த இழுவைக் கப்பல்கள்*

இந்தக் கப்பல்கள் வெகு சீக்கிரம் நம் பக்கமும் வந்தன. 1908, 1909ஆம் ஆண்டுகளில் 'கோல்டன் கிரவுன்' என்ற நீராவி இழுவைக் கப்பல் வங்காள விரிகுடாவில் மீன் வளத்தைச் சோதித்தது. இலங்கை அரசாங்கத்துக்காக 'லில்லா' என்ற கப்பல் 1920 தொடக்கம் 1923 வரை நமது தீவைச் சுற்றியுள்ள கடலை மடி இழுத்து ஆராய்ந்தது. 1928 முதல் சில ஆண்டுகள் 'புல்புல்' என்ற கப்பல் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் கடல்மேட்டில் பிடித்த மீனைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது.

இந்த ஆராய்ச்சிக் கதையில் நம் ஊருக்கும் ஒரு மூலை உண்டு. தம்பலகாமக் குடாவில் கிடைக்கும் தட்டையான, வெளிச்சம் ஊடுருவும் ஓடு கொண்ட சிப்பியில் சிறு முத்துகள் விளைந்தன. 1850களில் கெலார்ட் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்தார். 1900களின் ஆரம்பத்தில் ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற கடல் விஞ்ஞானி அந்த முத்துக் குளிப்பைப் பற்றி அறிக்கை எழுதினார். வாட்ஜ் கடல்மேட்டின் மீன் வளத்தைப் பற்றி ஆரம்பத்தில் எழுதியவர்களில் அதே ஹோர்னெலும் ஒருவர். நமது குடாவின் தண்ணீரைப் பார்த்த அதே கண்தான் அந்த ஆழ்கடலையும் பார்த்தது.

*மீன்பிடிக் கப்பல் ஏன் யுத்தத்துக்குப் போனது?*

இப்போது கண்ணிவெடிக்கு வருவோம். மிதிவெடி என்றால் என்ன என்று நம் மாகாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவை இல்லை. அதே பொருளைக் கடலில் வைத்தால் கடற்கண்ணி. ஒரு இரும்புப் பந்து, அதற்குள் வெடிமருந்து. அடித்தரையில் ஒரு பாரம், அதிலிருந்து ஒரு கம்பி. பந்து மேலே தெரியாமல் தண்ணீருக்குள் மிதந்துகொண்டு நிற்கும். கப்பல் முட்டினால் வெடிக்கும்.

இலங்கைக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. முதலாம் உலக யுத்தத்தில் 'வொல்ஃப்' என்ற ஜெர்மன் கப்பல் சாதாரண சரக்குக் கப்பல் போல வந்து கொழும்புக்கு வெளியே கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போனது. 1917 பெப்ரவரி 17ஆம் திகதி 'வூஸ்டர்ஷயர்' என்ற கப்பலும், 21ஆம் திகதி 'பெர்சியஸ்' என்ற கப்பலும் அதில் அகப்பட்டுத் தாண்டன. ஒரு பீரங்கிகூட வெடிக்காமல், கப்பலும் சரக்கும் உயிர்களும் போயின.

இதை எப்படி அகற்றுவது? கடலுக்குள் கம்பியை இறக்கி இழுத்துக்கொண்டு போய், கண்ணியின் கம்பியில் மாட்டி அறுக்க வேண்டும். கம்பி, வின்ச், பாரத்தை இழுக்கிற இயந்திர பலம், கொந்தளிக்கிற கடலில் மெதுவாக நேர்கோட்டில் போகிற பழக்கம். இவை எல்லாம் யாரிடம் இருக்கின்றன? மீன்பிடிக் கப்பலிடம்.

சார்ல்ஸ் பெரஸ்ஃபோர்ட் என்ற பிரித்தானிய அட்மிரல் 1907இல் கிரிம்ஸ்பி மீன்பிடித் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு இதைச் சொன்னார். 1910இல் கடற்படையின் துணைப்படையில் இழுவைக் கப்பல்களுக்கென்று ஒரு பிரிவே உருவானது. மீன்பிடித் தண்டலை 'ஸ்கிப்பர்' என்று கூப்பிடுவார்கள். கடற்படை அதையே ஒரு பதவிப் பெயராக ஏற்றுக்கொண்டது.

முதலில் இரண்டு இழுவைக் கப்பல்கள் நடுவில் ஒரு கம்பியைக் கட்டிக்கொண்டு சமாந்தரமாகப் போகும். பிறகு ஒரே கப்பல் தனியாகச் செய்யும் முறை வந்தது. கப்பலில் இருந்து ஒரு நீண்ட கம்பி. அதன் நுனியில் ஒரு மிதவை. அந்த மிதவைக்குக் கீழே சரிவான தகடுகள் கொண்ட ஒரு சட்டம். தண்ணீர் அதில் மோதி, கம்பியைக் கப்பலில் இருந்து தூரமாக ஒரு பக்கத்துக்கு இழுத்து நிறுத்தும். ஞாபகம் வருகிறதா? மடியின் வாயை விரித்த அதே பலகைதான். கம்பியில் ஆங்காங்கே வெட்டும் கத்திகள் இருக்கும். கண்ணியின் கம்பி அறுந்ததும் பந்து மேலே மிதந்து வரும். துப்பாக்கியால் சுட்டு வெடிக்க வைப்பார்கள், அல்லது ஓட்டை போட்டுத் தாழ்த்துவார்கள். இந்த முறைக்கு 'ஒரொபேசா' என்று பெயர். அதை முதலில் செய்து பார்த்த இழுவைக் கப்பலின் பெயர் அது. உலகத்தின் கடற்படைகள் எல்லாம் பின்பற்றிய முறைக்கு ஒரு மீன்பிடிக் கப்பலின் பெயர்தான் இன்றும் இருக்கிறது.

கப்பலை மாற்றியதும் பெரிய வேலை இல்லை. முன்பக்கம் ஒரு பீரங்கி மேடை. பின்பக்கம் நீர்மூழ்கிக்குப் போடும் ஆழ்வெடிகள். மீன் அடுக்கிய அறை மாலுமிகள் படுக்கும் அறையானது. வின்ச் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் ஆபத்தை யோசித்துப் பாருங்கள். மற்றக் கப்பல்கள் கண்ணி உள்ள இடத்தை விலக்கிப் போகும். இந்தக் கப்பல் தேடிப் போகும். இரண்டாம் யுத்தத்தில் பிரித்தானியாவின் இந்தச் சிறு கப்பல் படையில் உயிர்விட்டு, கடலைத் தவிர வேறு கபுறு இல்லாத 2,385 பேரின் பெயர்கள் லோவெஸ்டொஃப்ட் என்ற மீன்பிடி ஊரில் உள்ள நினைவுத் தூணில் இருக்கின்றன.

*இலங்கையின் சிறு கப்பல்கள்*

நமது நாட்டில் 1937இல் சட்டம் வந்து, 1938 ஜனவரியில் இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை உருவானது. 1939 ஒகஸ்ட் 31ஆம் திகதி, அதாவது பிரித்தானியா யுத்தப் பிரகடனம் செய்வதற்கு மூன்று நாள் முன்பு, அது கடமைக்கு அழைக்கப்பட்டது. அதனிடம் முதலில் இருந்தவை கொழும்புத் துறைமுகத்தின் இழுவிசைப் படகுகளான சாம்சனும் கோலியாத்தும்.

பிறகுதான் ஓவர்டேல் வைக் வந்தது. தொடர்ந்து ஹொக்ஸா, பால்டா என்ற இரண்டு இழுவைக் கப்பல்கள். இவை மீன்பிடிக்கப் போனவை அல்ல. மீன்பிடிக் கப்பலின் அமைப்பையே வைத்து, யுத்தத்துக்கென்று நூற்றுக்கும் மேல் கட்டப்பட்ட வகையைச் சேர்ந்தவை. 164 அடி நீளம், 545 தொன், நாற்பது பேர் அளவில் மாலுமிகள், வேகம் 12 நொட். இதே போலக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இந்தியக் கடற்படைக்காக இழுவைக் கப்பல்கள் கட்டப்பட்டன.

இன்னும் மூன்று கப்பல்கள் அந்தாட்டிக் கடலில் திமிங்கிலம் வேட்டையாடியவை: ஒகாபி, செம்லா, சம்பூர். கடைசிப் பெயரைப் பார்த்து மூதூர்ப் பக்கத்துச் சம்பூர் என்று எண்ண வேண்டாம். அது மரையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர். திமிங்கிலத்தைத் துரத்தச் சட்டென்று திரும்பக்கூடிய கப்பல் வேண்டும். நீர்மூழ்கியைத் துரத்தவும் அதுவே வேண்டும். 1942 ஏப்ரல் 9இல் ஹெர்மிஸோடு அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் தாண்ட 'ஹொலிஹொக்' என்ற சிறு போர்க்கப்பலின் வகைகூட ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலின் வரைபடத்தில் இருந்து பிறந்ததுதான்.

இந்தக் கப்பல்களை முழுக்க முழுக்க இலங்கைப் படையினரே ஓட்டினார்கள். 1943இல் அந்தப் படை பிரித்தானியக் கடற்படையோடு சேர்க்கப்பட்டு இலங்கைக் கடற்படைத் தொண்டர் சேமப்படை என்ற பெயர் பெற்றது. துறைமுக வாசல்களைக் கண்ணி வாரித் துப்புரவாக வைப்பதும், நீர்மூழ்கி வராமல் காவல் நிற்பதும் அவர்களின் அன்றாட வேலை. அதற்கு மேலும் போனார்கள். எதிரியின் தாக்குதலுக்கு உள்ளானார்கள். சுட்டு விழுத்தப்பட்ட ஜப்பானிய விமானங்களில் இருந்து தகவல்களை மீட்டார்கள். பர்மாப் போர்முனை திறந்தபோது அக்யாப் துறைமுகம் வரை போய் வேலை செய்தார்கள். 1943 செப்டெம்பரில் இத்தாலி சரணடைந்ததும், 'எரித்ரியா' என்ற இத்தாலியப் போர்க்கப்பலைக் கைப்பொறுப்பில் எடுத்துத் துறைமுகத்துக்குக் கூட்டி வந்ததும் இவர்கள்தான்.

சிறு கப்பல் என்று எதிரி விடுவதில்லை. 1944 மார்ச் 27ஆம் திகதி இலங்கைக்குத் தென்மேற்கே 'மாலோய்' என்ற பிரித்தானியக் காவல் கப்பலை ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி தாழ்த்தியது. அதன் எடை 249 தொன் மட்டும். திமிங்கில வேட்டைக்கென்று கட்டிய கப்பல் அது.

அடுத்த மாதமே திருகோணமலையில் இருந்து ஒரு பெரும் கடற்படை சுமாத்திராவில் உள்ள சபாங் மீது தாக்குதல் நடத்தப் போனது. அமெரிக்க விமானந்தாங்கி 'சரட்டோகா'வும் அதில் இருந்தது. புத்தகங்களில் அந்தப் பெரிய கப்பல்களின் பெயர்கள் உண்டு. ஆனால் எந்தத் துறைமுகத்திலும் பெரிய கப்பல் வெளியே போக வேண்டுமானால் முன்னால் ஒரு சின்னக் கப்பல் கம்பியை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

யுத்தம் முடிந்து, 1950 டிசெம்பர் 9ஆம் திகதி அரச இலங்கைக் கடற்படை உருவானபோது அதன் முதல் போர்க்கப்பலாக வந்தது 'விஜய'. அதுவும் ஒரு கண்ணி வாரும் கப்பலே. 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை ஒப்படைத்தார்கள்.

*இதில் நமக்கு என்ன?*

இரண்டு விசயங்கள்.

ஒன்று, மரியாதை பற்றியது. நமது பக்கத்தில் மீன்பிடித் தொழிலை இன்னும் பலர் குறைவாகப் பார்க்கிறார்கள். "படிக்காவிட்டால் கடலுக்குத்தான் போவாய்" என்று பிள்ளையை வெருட்டுகிற பழக்கம் பாடசாலைகளிலும் உண்டு, வீடுகளிலும் உண்டு. ஆனால் படித்த கடற்படை அதிகாரிகளுக்குச் சிக்கல் வந்தபோது தேடிப் போனது கடல் தொழிலாளியின் கருவியையும் கையையும்தான். பலகையின் சரிவு, கம்பியின் நீளம், நீரோட்டத்தின் போக்கு எல்லாம் படிப்புத்தான். கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒரு தண்டலுக்குத் தெரிந்த நீரோட்டம் நமது புவியியல் பாடப் புத்தகத்தில் இல்லை.

யுத்த காலத்தில் நமது கடல் தொழிலாளர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பாஸ் இருந்தால்தான் கடல், நேரம் பார்த்துத்தான் கடல், சில இடங்களுக்குப் போகவே ஏலாது. துறைமுகம் ஒரு பக்கம், மீனவர் மறுபக்கம் என்றே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே கப்பலில் இருந்தன என்பதை இரண்டு பக்கமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது விசயம், கம்பியைப் பற்றியது. யுத்தத்தில் உயிர்களைக் காப்பாற்றிய அதே இழுவை முறை, சமாதான காலத்தில் கடலின் அடித்தரையை வழித்துத் துடைக்கிறது. குஞ்சு, சினை, பவளம் என்று பார்ப்பதில்லை. முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் இழுவைப் படகுகளால் சின்ன மீனவர் வலை இழந்து நிற்பதை நாளாந்தம் கேள்விப்படுகிறோம். 2017இல் நமது பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அடித்தரை இழுவைமடியைத் தடை செய்தது. வாட்ஜ் கடல்மேடு 1976 உடன்படிக்கையோடு இந்தியாவின் கைக்குப் போய்விட்டது. ஆகவே கையில் இருக்கிற கடலையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். தம்பலகாமக் குடாவில் இறாலும் நண்டும் மட்டியும் நம்பிச் சீவிக்கிற குடும்பங்கள் இருக்கும்போது இது யாரோ ஒருவருடைய பிரச்சினை இல்லை.

கருவி ஒன்றுதான். அது கண்ணியை வாருமா, கடலின் கருவையே வாருமா என்பது பிடித்திருக்கிற கையைப் பொறுத்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மூத்தவாப்பாவோ, பூட்டனோ, தாத்தாவோ அந்த யுத்த காலத்தில் டொக்யார்டில், துறைமுகத்தில், சீனக்குடாவில் வேலை செய்திருந்தால், அவர்கள் சொன்ன கதை ஏதும் ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள். பழைய படம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எல்லோருடைய வீட்டிலும் இந்தத் துறைமுகத்தின் ஒரு துண்டு இருக்கும். அதைச் சேர்த்து வைத்தால்தான் நமது பிள்ளைகளுக்கு ஹெர்மிஸ் மட்டுமல்லாமல் ஓவர்டேல் வைக்கும் தெரியவரும்.

 கடலுக்குப் போயிருக்கும் நம் சகோதரர்கள் எல்லோரும் நலமாகக் கரை திரும்ப அல்லாஹ் உதவி செய்வானாக.